டூலும் டோக்கனும் சேர்த்து 214

ஜூலை 7, திங்கள்

என்னோடு வேலைக்குச் சேர்ந்த இரண்டு பையன்களையும் இன்று காற்றாலை மேலே ஏற்றினார்கள். என்னை டூல் ரூமுக்கு அனுப்பினார்கள்.

சென்னியப்பன் சார்தான் இந்த சைட்டுக்கு மேனேஜர். "பொம்பளப்புள்ளைய எம்பது மீட்டர் மேல ஏத்தி, ஏதாச்சும் ஒண்ணுன்னா உங்கப்பனுக்கு யாரு கண்ணு பதில் சொல்றது? நீ கீழ இருந்து இந்தப் பொட்டிய ஒழுங்கு பண்ணு, போதும்" என்றார். எனக்கு அப்பா இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

டூல் ரூம் என்பது தகரக் கொட்டகையின் ஒரு மூலை. ஜன்னல் உண்டு, ஆனால் மண் அடிக்கிறது என்று ஆணி அறைந்து மூடியிருக்கிறார்கள். கதவில் ஒரு சின்னத் திறப்பு, ரயில்வே டிக்கெட் கவுண்டர் மாதிரி. அதன் வழியாகத்தான் ஆட்கள் டூல் கேட்கிறார்கள். வெளியே குடிமங்கலம் காற்று. தகரம் நாள் முழுதும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

பெட்டி சிவப்பு நிறம், என் நெஞ்சு உயரம், ஏழு டிராயர்.

குப்புராஜ் அண்ணன் இங்கே சீனியர் டெக்னீசியன். டோக்கன் முறையை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு ஐந்து பித்தளை வில்லைகள், எண் அடித்தது. என்னுடையது 31. எந்த டூலை எடுத்தாலும் அது இருந்த இடத்தில் நம் டோக்கனைப் போட வேண்டும். டூலைத் திருப்பி வைத்த பிறகுதான் டோக்கனை எடுக்கலாம்.

"ஒரு ஸ்பேனர மேல மறந்துட்டு எறங்கிட்டம்னு வையி, அது சுத்தற எடத்துல விழுந்துச்சுன்னா மிசினும் போச்சு, நாமளும் போனோம். அதுக்குத்தான் அம்மணி இது."

சனிக்கிழமைதோறும் சார் வந்து எண்ணுவார். டூலும் டோக்கனும் சேர்த்து 214 வந்தால் சரி.

ஜூலை 8, செவ்வாய்

ஒன்றாவது டிராயரைக் காலி செய்தேன். கிரீஸ். கை கழுவிக் கழுவி, சோற்றிலும் கிரீஸ் வாசம்.

ஜூலை 10, வியாழன்

ரிங் ஸ்பேனர்களை எண் வரிசையில் அடுக்கினேன். 13 மூன்று இருக்கிறது, 14 ஒன்றுகூட இல்லை. சாக்கெட்டுகள் நான்கு டிராயரில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு திருப்புளிக்குக் கைப்பிடி இல்லை. எந்த டிராயரில் எது என்று மதியத்துக்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. கல்லூரியிலும் எனக்கு அது ஒன்றுதான் வரும்.

மாலை அம்மா பேசினாள்.

"ஏட்டி, மேல ஏறுனியா?"

"ஏறுனேம்மா."

"காத்து தள்ளாதா?"

"பெல்ட்டு போட்டுருப்பாங்கம்மா."

"பாத்து ஏறு தாயீ. தீப்பெட்டி ஆபீஸ்ல எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன், எம்மவ காத்தாடி மேல நிக்கான்னு."

மேலே இருந்து பார்த்தால் திருமூர்த்தி மலை தெரியும் என்று சொன்னேன். அந்தப் பையன்கள் சாப்பிடும்போது பேசிக்கொண்டது.

ஜூலை 12, சனி

சார் எண்ணினார். டிராயரை இழுப்பார், விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார், மூடுவார். எது என்று பார்ப்பதில்லை, எத்தனை என்று மட்டும்தான். உடைந்த ஸ்பேனரின் இரண்டு துண்டுகளும் இரண்டு டூல். எப்படியோ 214 வந்தது. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பரவால்லியே கண்ணு, பொட்டி பாக்கறாப்பல ஆயிருச்சே" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதுவதற்கு என்ன.

ஜூலை 18, வெள்ளி

போன வருடம் எழுதிய உதவிப் பொறியாளர் தேர்வுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. செய்தி வந்திருக்கிறது. ஆகஸ்ட் 14, காலை ஒன்பது மணி, சென்னை. அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும். நகல் ஏற்கப்படாது.

மூன்று முறை படித்தேன். என் பதிவு எண்தான்.

என் அசல் ஏழும் சென்னியப்பன் சார் அறையில் இரும்பு பீரோவில் இருக்கின்றன. சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டு வருடம் கழித்துத் தருவார்களாம். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, மார்க்‌ஷீட் தொகுப்பு, டி.சி., சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதற்காக அம்மா ஐந்து நாள் தாலுகா ஆபீஸில் நின்றாள். எங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தர வேண்டும். "அதத்தான் நானே சொல்லுதேனே, இதுக்கு என்னத்துக்கு ஐயா விசாரணை" என்று அவரிடமே கேட்டாள்.

நாளை சனிக்கிழமை. சார் எண்ண வருவார். கேட்டுவிடுவேன்.

ஜூலை 19, சனி

சார் வந்தார். ஒரு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்தார். தன் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் அழுவதைப் பற்றிப் பேசினார். கேட்க நேரம் அமையவில்லை.

ஜூலை 21, திங்கள்

சாருக்காக டிராயர் எண்கள் ஒட்டும் வேலை இருந்தது. இன்றும் கேட்கவில்லை.

ஜூலை 23, புதன்

ஆபீஸ் கூட்டும் வசந்தாமணி அக்கா இன்று டூல் ரூமையும் கூட்ட வந்தது. நான் போனில் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டது.

"என்ன புள்ள, மாப்பிள போட்டாவா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மூன்றாம் ஆள் யாரிடமும் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"அட, கேளு புள்ள! வாயில என்ன கொழுக்கட்டையா? போய் நில்லு, சர்ட்டிபிகேட் வேணுமுங்கன்னு சொல்லு. அவரென்ன கடிச்சா வெச்சுருவாரு?" என்று சொல்லித் துடைப்பத்தால் என்னை வாசல் வரை தள்ளிவிட்டது.

போனேன். கேட்டேன். முழுதாகக் கேட்டேனா என்று சந்தேகம். "சான்றிதழ்... கவர்மெண்ட் வேலைக்கு... பதினாலாந்தேதி..." என்று தொடங்கியதும் அவரே முடித்துக்கொண்டார்.

"ஆகட்டும் கண்ணு. பன்னெண்டாந்தேதி கம்பெனிலிருந்து ஆடிட்டுக்கு வர்றாங்க. பொட்டிய அதுக்குள்ள ஜோராப் பண்ணி வெச்சுரு. ஆடிட்டு முடியட்டும், பாத்துக்கலாம்."

பன்னிரண்டு முடிந்தால் பதின்மூன்று கிளம்பலாம். சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 26, சனி

ஏழாவது டிராயரின் அடியில் ஒரு டோக்கன் கிரீஸில் ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். 17. இப்போது இங்கே வேலை செய்பவர்களில் 17 யாரும் இல்லை.

லிஸ்டை வைத்துப் பார்த்ததில், அந்த இடத்தில் இருக்க வேண்டியது பெரிய டார்க் ரெஞ்ச். போல்ட்டை எவ்வளவு இறுக்கினோம் என்று அளவு காட்டுவது. இந்தக் கொட்டகையிலேயே விலை உயர்ந்த சாமான்.

குப்புராஜ் அண்ணனிடம் டோக்கனைக் காட்டினேன். திறப்பு வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"ஜெகதீசனோடது. மூணு வருசமாச்சு. துபாய்ல வேல கெடச்சு, ஐடிஐ சர்ட்டிபிகேட் கேட்டான். சார் குடுக்கல. இவனுக்குக் கோவம். நீங்க என்னுத வெச்சிருந்தா நான் உங்குளுத வெச்சிருக்கேன்னு, டோக்கனப் போட்டுப்போட்டு ரெஞ்ச எடுத்துட்டுப் போயிட்டான். டூல் எங்கடான்னு கேட்டு வருவாங்க, அப்ப நாயம் பேசிக்கலாம்னு நெனச்சான்."

"வந்தாங்களா?"

"எங்க வர்றது? சனிக்கெழம எண்ணுனா எரநூத்திப் பதினாலு வந்துருதே!"

"இப்ப எங்க இருக்காரு?"

"பல்லடத்துல. கோழி லோடு ஏத்தறான்."

சாரிடம் சொல்லியாக வேண்டும் அல்லவா. எண்ண வந்தபோது டோக்கனைக் காட்டி, ரெஞ்ச் இல்லை என்றேன். அவர் எண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

"டோக்கன் இருக்குதில்ல? அப்ப கெடக்கட்டும். 214 வருது பாரு" என்றார்.

ஜூலை 31, வியாழன்

"கனி, 19 ரிங்கு!" "கனி, அல்லன் கீ எட்டு!" "கனி, அந்தச் சின்ன சுத்தியலு எங்க சாமி?" நாள் முழுதும் இதுதான். என் பெயர் ஆவுடைக்கனி. இங்கே யாருக்கும் பாதிக்கு மேல் தேவைப்படவில்லை. பார்க்காமலே கை போகிறது. இரண்டாவது டிராயர் இடது பக்கம், ஐந்தாவது டிராயர் நடுவில். எனக்குக் காய்ச்சல் வந்து செவ்வாய்க்கிழமை ஒருநாள் நான் தங்கும் ஹாஸ்டலில் படுத்தேன். பதினோரு முறை போன் அடித்தார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

சார் இன்று மிகவும் சந்தோஷமாக இருந்தார். எந்த டூலைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் வருகிறதாம், மேலே போகிறவர்கள் சொல்கிறார்களாம்.

அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டுவிடலாம் என்று, "சார், பதினாலாந்தேதி" என்றேன்.

"ஏங்கண்ணு, நீ பாட்டுக்குக் கெவுருமெண்டு வேலன்னு போயிட்டீன்னா இதையெல்லாம் யாரு பாக்கறது? எல்லாம் உந்தலைக்குள்ள இல்ல இருக்குது!" என் தலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "உன்னைய மாதிரி ஒரு ஆள நான் எங்க போயித் தேடறது? பாக்கலாம், பாக்கலாம்."

பாராட்டுத்தான். அந்தத் திறப்பைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கியர் பாக்ஸ் வரும் மரப்பெட்டிகளில் கனமான ஸ்பாஞ்சு ஷீட் வைத்து வரும். கறுப்பும் மஞ்சளும். கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. அதில் நல்லதாகப் பார்த்து எடுத்து வந்தேன்.

அடியில் மஞ்சள், மேலே கறுப்பு. கறுப்பு ஷீட்டில் ஒவ்வொரு டூலையும் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதே வடிவத்தில் வெட்டி எடுத்தேன். டூலை அந்தக் குழியில் வைத்தால் அச்சாக உட்கார்கிறது. எடுத்தால் மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் எண். அந்த மஞ்சளில்தான் டோக்கன் போட வேண்டும்.

ஆடிட்டுக்காகத்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆறு டிராயர் முடிந்தது. கட்டர் கத்தி பிடித்து விரலில் தோல் உரிந்துவிட்டது. கதவின் வெளிப்பக்கம் எந்த டிராயரில் என்ன என்று படம் வரைந்து ஒட்டினேன். பெட்டியைக் கதவருகே நகர்த்தினேன். இனி அவர்களே வந்து எடுக்கலாம்.

குப்புராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது டிராயரில் கையை விட்டு 24 சாக்கெட்டை எடுத்துக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அம்மணி, இனி உன்னையக் கூப்புட வேண்டிய வேலையே இல்ல!"

இன்று நல்ல பசி. ஹாஸ்டலில் இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஏழாவது டிராயரில் ரெஞ்சுக்கு நீளமாக ஒரு குழி வெட்டினேன். மூன்றடி மஞ்சள், நடுவில் 17. இதைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் கேட்பார். அதை நேற்றே குப்புராஜ் அண்ணனிடம் சொல்லியும் இருந்தேன்.

மதியம் அவர் ஒரு லுங்கியில் சுற்றி எதையோ கொண்டுவந்து கொடுத்தார். "அவன்கிட்டப் பேசுனேன். 'அந்தப் புள்ளைக்குக் கெட்ட பேரு வேண்டாம், எடுத்துட்டுப் போ'ன்னுட்டான். ஆனா ஒண்ணு, எண்ணெ போட்டுத் தொடச்சே வெச்சிருந்துருக்கறான், ராஸ்கோலு."

குழியில் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது. 17-ஐ எடுத்துவிட்டேன். டூல் திரும்பி வந்துவிட்டால் டோக்கன் உரியவரிடம் போக வேண்டும். உரியவர் இங்கே இல்லை. என் பையில் போட்டுக்கொண்டேன்.

சார் எண்ணினார். 214. அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு ஆடிட்டரு இங்கயும் வருவாரு. இந்தப் பீரோவையும் உம்பட பொட்டி மாதிரியே பண்ணிப்போடு கண்ணு."

அவரே சாவி போட்டுத் திறந்தார். பழுப்புக் கவர்கள், ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு டோக்கன் எண். மொத்தம் 19 கவர். இப்போது வேலையில் இருப்பவர்கள் பதினொரு பேர். மீதி எட்டுப் பேரில் ஜெகதீசன் அண்ணனைத் தவிர மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. ஒரு கவரில் கரையான் ஏறியிருந்தது. துடைத்தேன்.

அட்டையில் தடுப்பு வெட்டி, எண் வரிசையில் நிற்க வைத்தேன். 17 இருந்தது. 31 இருந்தது. என் கவரைத் தடுப்புக்குள் வைத்தபோது சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது கையில் இருந்த நேரம் ஒரு நிமிடம் இருக்கும்.

எல்லாச் சாவிகளையும் டூல் ரூம் பலகையில் கொக்கி போட்டு மாட்டச் சொன்னார். பீரோ சாவியும்தான். "டூலுக்கு ஒரு சட்டம், சாவிக்கு ஒரு சட்டமா? நானே எடுத்தாலும் டோக்கன் போடறேன்" என்றார். அவருடையது 1.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆடிட்டர் வயதானவர். ஏழு டிராயரையும் இழுத்துப் பார்த்தார். டார்க் ரெஞ்சை எடுத்து லிஸ்டில் எண்ணைச் சரிபார்த்தார். "இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

"நம்ம ஏற்பாடுதாங்க" என்றார் சார். "இங்க எத எடுத்தாலும் சரி, டோக்கனப் போட்டுட்டு எடுத்துக்கலாமுங்க. யாரையும் கேக்க வேண்டியதில்ல. டோக்கனப் பாத்தா ஆரு எடுத்தாங்கன்னு தெரிஞ்சுபோகுது. டூலு, சாவி, ஆபீஸ் பைலு, எல்லாத்துக்கும் இதேதானுங்க. வர்ற சனிக்கெழமையிலிருந்து பீரோவையும் எண்ணிருவேன்."

ஆடிட்டர் எழுதிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அவர்கள் கார் கிளம்பியதும் போய்க் கேட்டேன். இந்த முறை முழுதாகக் கேட்டேன். வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். "சார், ஆடிட் முடிஞ்சிருச்சு. நாளன்னிக்கு எனக்கு சென்னையில சரிபார்ப்பு. என் சான்றிதழக் குடுங்க, சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"ஏங்கண்ணு, உன்னைய எங்கூட்டுப் பொண்ணாட்டத்தான வெச்சிருக்கறேன்? அந்த வேலைக்கு ஆயிரம் பேரு வருவாங்க. போயிட்டுச் சும்மா திரும்பி வர்றதுக்கு எதுக்கு அலைச்சலு? ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போகும். நாளைக்கு நான் கோயமுத்தூரு மீட்டிங் போறேன். ஆடிட்டு ரிப்போட்டுல உம்பேரையும் சொல்றேன், போ."

வெளியே வந்ததும் வசந்தாமணி அக்கா என் முகத்தைப் பார்த்தது. டம்ளரில் தண்ணீர் கொடுத்தது.

ஆகஸ்ட் 13, புதன்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பத்து மணிக்கு சார் கோயம்புத்தூர் கிளம்பினார். பதினொன்றரைக்கு, பலகையில் பீரோ சாவிக் கொக்கியில் என் டோக்கன் 31-ஐ மாட்டிவிட்டுச் சாவியை எடுத்தேன். ஆபீஸில் வசந்தாமணி அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது. பீரோவைத் திறந்தேன். 31 கவரை எடுத்தேன். ஏழு தாளும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். இருந்தது. கவர் இருந்த தடுப்பில் என் இன்னொரு டோக்கன் 31-ஐ வைத்தேன். 17 கவரை எடுத்தேன். அந்தத் தடுப்பில் டோக்கன் 17-ஐ வைத்தேன். பூட்டினேன். சாவியைக் கொக்கியில் மாட்டி, அங்கிருந்த என் டோக்கனைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

அக்கா தலையை நிமிர்த்தாமலே, "காலு வெச்ச எடமெல்லாம் ஈரம், பாத்துப் போ புள்ள" என்றது.

லீவு லெட்டரை சார் மேசையில் வைத்தேன். குப்புராஜ் அண்ணனிடம் நம்பர் வாங்கி ஜெகதீசன் அண்ணனுக்குப் பேசினேன். மூன்று மணி பஸ்.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஜெகதீசன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. கவரை வாங்கி, திறந்து, உடனே மூடிவிட்டார். மறுபடி திறந்து, தன் பெயர் போட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

"அங்க என்ன வெச்சுட்டு வந்தீங்க?"

"உங்க டோக்கன."

சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். திருப்பூர் பஸ் வரும் வரை கூடவே நின்றார். திருப்பூரில் ரயில்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேசைக்கு எதிரே ஓர் அம்மா. கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முதல் பட்டதாரியா?"

"ஆமா மேடம்."

"கொஞ்சம் சத்தமா."

"ஆமா மேடம்!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா சீல் வைத்துவிட்டு ஏழையும் அடுக்கி என் கையில் கொடுத்தார். "அசல் எல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். யார்கிட்டயும் குடுக்காதீங்க."

வேலை கிடைக்குமா என்று தெரியாது. ஒரு இடத்துக்கு மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். காற்றாலை மேலே நான் ஒருநாளும் ஏறவில்லை என்பதை முதலில் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு, விடு. நான் தெனமும் கண்ண மூடுனா நீ அங்கிருந்து விழுத மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

சங்கரன்கோவில். வீட்டில் இருக்கிறேன்.

மதியம் வசந்தாமணி அக்கா பேசியது. "சாரு வந்தாரு புள்ள. பொட்டிய எண்ணுனாரு. அப்பறம் பீரோவத் தொறந்து, வெரல வெச்சு வெச்சு எண்ணுனாரு. எனக்கு இங்க படபடன்னு அடிக்குது. 'பத்தொம்பது, சரி'ன்னு கையெழுத்தப் போட்டுட்டுப் பூட்டிட்டாரு!"

"என்னையக் கேட்டாரா?"

"லீவு முடிஞ்சு எப்ப வருதுன்னாரு. பொறவு அவரே டிராயரத் தொறந்து என்னமோ ஒரு ஸ்பேனர எடுத்தாரு. டோக்கனப் போட்டாரு, போயிட்டாரு."

என்றைக்காவது ஒருநாள் எண்ணாமல் பார்ப்பார். அன்றைக்கு என்ன செய்வார் என்று தெரியாது.

மீதி நான்கு டோக்கனையும் ராஜினாமாக் கடிதத்தோடு திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஐந்தாவது அந்தப் பீரோவில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் ஏழு தாளையும் திருப்பி வைக்க வேண்டும். அதுதான் சட்டம்.

அது கிடக்கட்டும்.